பூவாத மரம்: சாத்தனூர்க் கல்மரத்தின் வரலாறு

நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலருக்கு இவ்வட்டார வரலாறு குறித்துக் கட்டுரை ஒன்று வேண்டும் என நண்பர்கள் கேட்டனர். இரஞ்சன்குடிக் கோட்டையையோ கங்கைகொண்ட சோழபுரத்தையோ எழுதுவேன் என்று அவர்கள் எண்ணியிருக்கக்கூடும். அவ்விரண்டையும் என்னினும் வல்லார் பலர் எழுதிவிட்டனர். கல்வெட்டும் செப்பேடும் சென்று எட்டாத ஒரு பழமை நம் பருத்திக் காட்டுக்கும் சின்ன வெங்காயக் கொல்லைக்கும் நடுவே கிடக்கின்றது. அதைப் பற்றி நம் மலரில் இதுவரை ஒருவரும் எழுதக் காணோம். ஆதலின் சாத்தனூர்க் கல்மரத்தைத் தேர்ந்துகொண்டேன்.

சாத்தனூர் என்றவுடன் வெளியூர் அன்பர்கள் திருவண்ணாமலைப் பக்கத்து அணையை நினைப்பர். சைவ அன்பர்கள் திருமூலரின் சாத்தனூரை நினைப்பர். நான் குறிப்பது பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூர். திருச்சி–சென்னை நெடுஞ்சாலைக்குக் கிழக்கே, கரிசல் நிலத்தின் நடுவே உள்ள சிற்றூர். சாத்தன் என்பது ஐயனாரின் பழம்பெயர். மணிமேகலை தந்த புலவருக்கும் அதுவே பெயர். அப்பெயரைத் தாங்கிய ஊரில், வேலியிட்ட ஒரு வளாகத்தினுள், பள்ளத்தில் ஒரு நெடுமரம் படுத்திருக்கின்றது. அதன் நீளம் 18 மீட்டருக்கும் மேல், அதாவது ஏறக்குறைய 60 அடி. தொலைவிலிருந்து பார்ப்பவர் நேற்றைய காற்றில் சாய்ந்த மரம் என்றே கருதுவர். கையை வைத்தால் கல்லின் தண்மை தெரியும். இடையிடையே வெடிப்புகள் உண்டு. ஆயினும் அடியிலிருந்து நுனி நோக்கி மெலிந்து செல்லும் மரத்தின் ஒழுங்கு சற்றும் குலையவில்லை.

மரம் கல்லானது எப்படி? சாபத்தால் என்று சொல்லிவிடுவது எளிது. அகலிகை வரலாறு நமக்குப் பழக்கமானதே. நிலவியலார் சொல்லும் வரலாறும் வியப்பில் அதற்குக் குறைந்ததன்று. கிரிடேசியஸ் என வழங்கும் தொல்லூழியில் கடல் இன்றைய கரையோடு நிற்கவில்லை. அது சாத்தனூருக்கும் மேற்கே எட்டுப் பத்துக் கிலோமீட்டர் வரை பரவியிருந்தது. அதற்கப்பால் இருந்த மேட்டு நிலத்தில் மரங்கள் ஓங்கி நின்றன. வெள்ளம் கரையை அரித்து அவற்றை வேரோடு பெயர்த்து ஆற்று வழியே கடலுக்குள் தள்ளியது. மிதந்த மரங்கள் நீரூறி அடியில் ஆழ்ந்தன. அவற்றின்மேல் மணலும் சேறும் விரைந்து படிந்தமையால் காற்றுப் புகவில்லை, மக்கிப்போகவும் வழியில்லை. சிலிக்கா கரைந்த நீர் அம்மரத்தின் நுண்ணறை ஒவ்வொன்றிலும் புகுந்து, மரப்பொருள் சிதையச் சிதைய அவ்விடத்தைத் தான் பற்றிக்கொண்டது. ஒரு வீட்டின் செங்கற்களை ஒவ்வொன்றாக உருவி, உருவிய இடத்தில் உடனுக்குடன் கருங்கல்லை வைத்துக்கொண்டே போனால் வீடு இடியாது. வீட்டின் வடிவம் மாறாது. பொருள் மட்டும் மாறிவிடும். அப்படி நிகழ்ந்தது இது. ஆகவே கல்மரத்தின் மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் வைத்தால் மரத்தின் உள்ளமைப்பு இன்றும் தெரியும். பின்னர்க் கடல் பின்வாங்கியது. மேலிருந்த படிவுகளை மழையும் ஓடையும் அரித்தன. மரம் மீண்டும் வெயிலைக் கண்டது.

இங்கே நம் கவிஞர்களுக்கு ஒரு செய்தி. அம்மரம் பூக்கும் இனத்தைச் சேர்ந்ததன்று. காயிலே விதை பொதிந்து காய்க்கும் இனத்தைச் சேர்ந்ததுமன்று. பூவாது காய்க்கும் ஆல், அத்தி முதலியவற்றை நம் முன்னோர் கோளி என்றனர். உண்மையில் அவற்றின் பூக்கள் கண்ணுக்குப் படாமல் உள்ளே மறைந்திருப்பவை. சாத்தனூர் மரமோ கூம்புகளில் விதை தாங்கும் ஊசியிலை மர வகை. பூக்கும் தாவரங்கள் உலகில் புதிதாய்ப் பரவிக்கொண்டிருந்த காலத்து மூத்த குடி அது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று நிலத்தையெல்லாம் பூவாலும் மரத்தாலும் பெயரிட்டு அழைத்த மரபு நம்முடையது. இம்மரத்தை எத்திணையில் வைப்பது? அது வளர்ந்த இடம் மேட்டு நிலம். அது வந்து கிடந்த இடம் அக்காலத்து நெய்தல். இன்று அங்கே வானம் பார்த்த பூமியில் பருத்தியும் சோளமும் விளைகின்றன. நிலம் திணை மாறுவதைப் பற்றி நூல்களில் படிக்கிறோம். சாத்தனூரில் அதைக் கண்ணாற் காணலாம்.

உயிரோடு நிற்கும் ஊசியிலைப் பெருமரங்களைக் காண வேண்டுமானால் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்துக்குச் செல்ல வேண்டும். அங்குச் சியரா நெவாடா மலையின் மேற்குச் சரிவில் மட்டும் தோப்புத் தோப்பாக நிற்பவை செக்கோயா மரங்கள். அவற்றுள் ஒன்றாகிய ஜெனரல் ஷெர்மன் என்னும் மரம் ஏறக்குறைய 84 மீட்டர் உயரம். ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட அகவை. பருமனளவில் உலகின் தனிமரங்களுள் அதுவே முதலாவது. சாத்தனூர் மரம் அதன் நேர் முன்னோன் அன்று. இரண்டும் ஊசியிலைக் குலம் என்ற அளவில் மிகத் தொலைவான உறவு. தென்னிந்திய மலைகளில் இயற்கையாக வளரும் ஊசியிலை மரம் இன்று ஒரே ஒரு வகைதான். மலைத் தோட்டங்களில் நாம் காணும் பைன் முதலியன பிற்காலத்தில் கொணர்ந்து நட்டவை. ஒரு காலத்தில் இந்நிலத்தை ஆண்ட குலத்திற்கு இங்கே எஞ்சிய வாரிசு அவ்வளவே.

செக்கோயா என்னும் பெயரிலும் நமக்கு ஓர் ஈடுபாடு உண்டு. 1847இல் அப்பெயரை இட்டவர் வியன்னா நகரத்துத் தாவரவியலார் எண்ட்லிச்சர்; அவர் மொழியியலும் வல்லவர். செரோக்கி என்னும் பழங்குடியினர் மொழிக்குத் தனியொருவராக எழுத்துகளை ஆக்கி, 1821 அளவில் வழக்கிற்குக் கொணர்ந்த செக்கோயா என்பவரின் நினைவாகவே அப்பெயர் இடப்பட்டது என்பது பலர் கொள்கை. பெயரிட்டவர் காரணத்தை எழுதி வைக்காமையால் ஐயுறுவாரும் உளர். எழுத்தறிவித்தவனுக்கு ஒரு பெருமரமே நினைவுத் தூணாயிற்று என்பதை நம்பவே என் மனம் விரும்புகின்றது, ஆய்வாளர் பொறுத்தருள்க.

இனி, நம் மண்ணின் பழமை உலகிற்குத் தெரிந்த வரலாற்றுக்கு வருவோம். 1840ஆம் ஆண்டையொட்டிக் கே, கன்லிஃப் என்னும் இரு ஆங்கிலேயர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் கல்லான சிப்பிகளையும் சங்குகளையும் திரட்டி இலண்டனுக்கு அனுப்பினர். எட்வர்டு ஃபோர்ப்ஸ் அவற்றை ஆராய்ந்து 1846இல் வெளியிட்டார். பின்னர் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த பிளான்ஃபோர்டு 1857 முதல் 1860 வரை இப்பகுதியில் ஊர் ஊராகச் சுற்றிப் பாறைகளை வகைப்படுத்தினார். 1862இல் வெளிவந்த தம் நூலில் இப்படிவுகளை மூன்று தொகுதிகளாகப் பிரித்து ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று பெயரிட்டார். பாடாலூரை அடுத்த ஊட்டத்தூரைச் சிவாலயத்தால் நாம் அறிவோம். அவ்வூர்ப் பெயரை அன்றுமுதல் உலகின் நிலவியல் மாணவர்கள் தத்தம் நாக்கிற்கேற்பச் சிதைத்து உச்சரித்து வருகின்றனர். சாத்தனூர் மரம் கிடப்பது இடைப்பட்ட திருச்சிராப்பள்ளித் தொகுதியில். பிளான்ஃபோர்டும் பிறரும் திரட்டிய உயிர்ச்சுவடுகளைக் கல்கத்தாவில் இருந்து விளக்கி எழுதியவர் மொரேவியா நாட்டிற் பிறந்த ஸ்டோலிச்கா. 1863 முதல் 1873 வரை அவர் எழுதிய தொகுதிகள் இன்றும் இத்துறையின் மூலநூல்கள். அடுத்த ஆண்டே, 36 வயதில், யார்க்கந்துப் பயணத்தினின்று திரும்பும் வழியில் லடாக்கில் அவர் உயிர் நீத்தார். அரியலூர்ச் சிப்பிகளுக்குப் பெயர் சூட்டிய அம்மனிதரின் பெயர் அரியலூரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அதே ஆண்டுகளில் இதே மண்ணில் வேறொரு சிறுவன் வளர்ந்துகொண்டிருந்தான். 1855இல் பிறந்த உ. வே. சாமிநாதையர் தம் இளமைக் காலத்தின் ஒரு பகுதியை அரியலூரிலும் குன்னத்திலும் கழித்தவர் என்பதை நம் வட்டத்தார் பெருமையோடு சொல்வர். அரியலூர்ச் சடகோபையங்காரும், குன்னம் சிதம்பரம் பிள்ளையும், கார்குடிக் கஸ்தூரி ஐயங்காரும், செங்கணம் விருத்தாசல ரெட்டியாரும் அவருக்குத் தமிழ் ஊட்டியவர்கள். பிளான்ஃபோர்டு நூல் வெளிவந்தபோது ஐயருக்கு வயது ஏழு. ஒருவர் கல்லடுக்கைப் புரட்டினார். மற்றவர் ஏட்டடுக்கைப் புரட்டப் போகிறவர். ஒருவரை ஒருவர் அறிந்ததற்குச் சான்றில்லை, அறிந்திருக்கவும் வாய்ப்பில்லை.

தற்செயல் இத்துடன் நிற்கவில்லை. 1940ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஐயரவர்களின் ‘என் சரித்திரம்’ ஆனந்த விகடனில் வாரந்தோறும் வரத் தொடங்கியது. முதுமையில் அவர் அரியலூரையும் குன்னத்தையும் நினைவிலிருந்து மீட்டெழுதிய அதே 1940இல்தான் சாத்தனூர்க் கல்மரம் பற்றிய அறிவிப்பும் வெளிவந்தது. அதனைச் செய்தவர் டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன், தஞ்சை மாவட்டத்து மகாராஜபுரத்தவர். இந்தியாவின் நிலவியல் பற்றி 1943இல் அவர் எழுதிய பெருநூல் பல தலைமுறை மாணவர்களுக்குப் பாடநூலாயிற்று. 1951இல் நிலவியல் ஆய்வுத் துறைக்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியரும் அவரே. ஊரார் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துவந்த கல்லை அவர் ‘கண்டுபிடித்தார்’ என்று எழுதுவது எனக்கு உடன்பாடன்று. ஆடு மேய்த்தவர் கண்டதை அவர் படித்துச் சொன்னார். படிப்பதும் பெருஞ்செயல்தான்.

அகவை பற்றி ஒரு சொல். சாத்தனூர் மரத்திற்குப் 12 கோடி ஆண்டு என்பது பரவலாக வழங்கும் கணக்கு. திருச்சிராப்பள்ளித் தொகுதிப் பாறைகளின் காலத்தைக் கடலுயிர்ச் சுவடுகளைக் கொண்டு கணிப்பவர்கள் அதனினும் குறைத்து, ஏறத்தாழ 9 கோடி ஆண்டு என்பர். நான் பின்னதன் பக்கம் சாய்கிறேன். மூன்று கோடி ஆண்டு குறைவதால் நம் ஊரின் பெருமை குறைந்துவிடும் என அஞ்சுவோர், நூலின் காலத்தை வேண்டுமென்றே முன்னுக்குத் தள்ளும் சில புலவர்களை எனக்கு நினைவூட்டுகின்றனர்.

அந்தக் கணிப்பு எவ்வாறு இயல்கிறது என்பதில்தான் இக்கட்டுரையின் உயிர் இருக்கின்றது. மரத்தின் மேல் ஆண்டு பொறிக்கப்படவில்லை. அது எந்த அடுக்கில் கிடக்கிறது, அவ்வடுக்கில் உடன் கிடக்கும் சிப்பி எது, சுருள் ஓட்டு அம்மோனைட்டு எது, மேலும் கீழும் உள்ள அடுக்குகள் எவை என்பவற்றைக் கொண்டே காலம் தெரிகின்றது. கடலுயிர்களின் நடுவே கிடப்பதால்தான் அது கடலில் ஆழ்ந்த மரம் என்பது விளங்குகின்றது. கிடந்த இடமே அதன் வரலாறு. ஐயர் ஏட்டுச் சுவடிகளைத் தேடிச் சென்றபோது எந்த ஊரில், யார் வீட்டில், எந்தக் கட்டில் கிடைத்தது என்று குறித்து வைத்ததன் பயன் நமக்குத் தெரியும். முதலும் முடிவும் இன்றிக் கட்டவிழ்ந்து தனியே கிடைக்கும் ஓர் ஏடு எந்நூலைச் சேர்ந்தது என்று அறிய எத்தனை பாடு! கல்லுக்கும் அதே நிலைதான்.

கல்லமேட்டுக் கதை இதற்குச் சான்று. அரியலூர்ப் பகுதியின் கல்லமேட்டில் கிடைத்த மாபெரும் எலும்புகளைக் கொண்டு யாதகிரி, அய்யாசாமி என்னும் அறிஞர்கள் 1980களில் ஒரு டைனோசரை விவரித்துப் பிருகத்காயசாரஸ் என்று பெயரிட்டனர். காலெலும்பு ஒன்று மட்டும் இரண்டு மீட்டர் நீளம் என்றபோது உலகம் வியந்தது. பின்னர் ஐயமும் எழுந்தது: அவை எலும்புகள் தாமா, அல்லது இப்பகுதியில் மலிந்துள்ள கல்மரத் துண்டுகளா? மண்ணிலிருந்து எடுத்த அந்த எலும்புகள் நெடுங்காலம் தாங்காமல் சிதைந்து போயின. மிஞ்சியவை வரைபடங்களும் ஒளிப்படங்களுமே. அவை எலும்புகளே என்று பின்வந்த ஆய்வு ஒன்று வாதிட்டது. ஆயினும் கையால் தொட்டுத் தீர்ப்புக் கூற இனி வழியில்லை.

காப்பது பற்றிப் பேசும்போது நம் பழைய காவல் மரங்கள் நினைவுக்கு வருகின்றன. மன்னர் ஒவ்வொருவரும் ஒரு மரத்தைக் காவல் மரமாகப் போற்றினர். பகைவர் முதலில் அதைத்தான் வெட்டினர். நெடுஞ்சேரலாதன் பகைவரின் கடம்பை வெட்டி முரசு செய்தான். செங்குட்டுவன் மோகூர்ப் பழையனின் வேம்பை வீழ்த்தினான். வென்றவனின் புகழைப் பதிற்றுப்பத்து பாடுகிறது. வெட்டுண்ட வேம்பின் நிழலில் இருந்தவரைப் பற்றி யாரும் பாடவில்லை. கலிபோர்னியாவில் 1853இல் ஒரு மாபெருஞ் செக்கோயாவைக் காட்சிப் பொருளாக்க வெட்டி, எஞ்சிய அடிக்கட்டையின் மேல் நடனமாடினர். அந்தக் கொடுமையே பலர் மனத்தைத் தைத்தது. 1864இல், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, யோசெமிட்டிப் பள்ளத்தாக்கையும் மாரிப்போசாச் செக்கோயாத் தோப்பையும் மக்களுக்காகக் காக்கும் சட்டத்தில் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்டார். 1890இல் செக்கோயாத் தேசியப் பூங்கா அமைந்தது. அதன்பின் வெட்டுக்குத் தப்பிய மரங்களுக்கு நெருப்புப் பகையாயிற்று. 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளின் காட்டுத்தீயில் உலகிலுள்ள பெரிய செக்கோயாக்களுள் 13 முதல் 19 விழுக்காடு வரை அழிந்தன என்பது கணக்கு. 2021இல் ஜெனரல் ஷெர்மனின் அடிமரத்தைத் தீத்தாங்கும் உலோகத் தாளால் போர்த்திக் காத்தனர். கல்லான மரத்திற்கு நெருப்பச்சம் இல்லை. அதற்கு அச்சம் கைகளிடமிருந்து.

அரிசோனா மாநிலத்தில் கல்மரக் காடு ஒன்று 1906 முதல் நினைவுச் சின்னமாகவும் 1962 முதல் தேசியப் பூங்காவாகவும் காக்கப்படுகின்றது. அங்குச் செல்வோர் ஆளுக்கொரு துண்டைப் பையில் போட்டுக்கொள்வது நெடுநாள் வழக்கம். அவர்களுட் பலர் ஆண்டுகள் கழித்து, மன்னிப்புக் கடிதத்தோடு அத்துண்டுகளை அஞ்சலில் திருப்பி அனுப்புகின்றனர். திரும்பி வந்த கற்களை எங்கே வைப்பது? எடுத்த இடம் தெரியாதே. கண்ட இடத்தில் வைத்தால் நாளை ஆராய்பவரை அது ஏமாற்றும். ஆகவே அவற்றை ஓரிடத்தில் தனியே குவித்து வைத்திருக்கின்றனர்.

நம் நாட்டில் சாத்தனூரும் விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையும் தேசியக் கல்மரப் பூங்காக்கள். திருவக்கரை மரங்கள் இளையவை. 2 கோடி ஆண்டு என்பர். பெரிய மரத்திற்கு வேலியும் காவலும் உண்டு, நன்று. ஆனால் சாத்தனூர் ஒரு மரம் மட்டுமன்று. வரகூர், ஆனைப்பாடி முதலிய ஊர்களின் ஓடைகளிலும் கல்மரத் துண்டுகள் கிடைத்துள்ளன. வெள்ளம் அடித்து வந்த ஒரு காட்டின் சிதறல்கள் அவை. அவற்றிற்கு வேலி ஏது? அரியலூர் வட்டாரத்துச் சுண்ணாம்புக்கல் சிமெண்டாகி நாடெங்கும் வீடாகின்றது. அச்சுண்ணாம்பும் பழங்கடலின் சிப்பிகளே. சுரங்கம் வெட்டும்போது அடுக்குகள் வெளிப்பட்டு ஆய்வுக்கு உதவியதும் உண்டு. பதிவு செய்யும் முன்பே அரைபட்டுப் போனதும் உண்டு. வேலை தரும் ஆலையை வேண்டாம் என்று சொல்ல எனக்கு நாவெழாது. வெட்டுமுன் ஒருவர் நின்று குறித்துக்கொள்ளலாகாதா என்று மட்டும் கேட்பேன். வாரணவாசியில் அருங்காட்சியகம் வந்திருப்பதும், காரை–குளக்கல்நத்தம் அரிநிலங்கள் தேசிய நிலவியல் நினைவுச் சின்னங்களின் வரிசையில் சேர்ந்திருப்பதும் ஆறுதல்.

பிறரைச் சொல்லி முடித்தால் நேர்மையாகாது. பள்ளி மாணவனாய் இருந்தபோது நண்பர்கள் இருவருடன் மிதிவண்டியில் கல்மரம் பார்க்கச் சென்றேன். வழியில் ஏதோ ஓர் ஓடையில் இறங்கித் தண்ணீர் குடித்தோம். காலடியில் உள்ளங்கை அளவில் ஒரு கல்; விறகுத் துண்டு போலவே வரி வரியாக இருந்தது. எடுத்துக் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அன்றுமுதல் என் மேசையில் தாள்கள் பறவாமல் காப்பது அதுதான். நம் வட்டத்தின் முதற் கூட்டத்தில் படித்த கவிதைகளின் கைப்படிகளும் அதன் கீழ்தான் இருந்தன. சில ஆண்டுகளுக்கு முன் வீட்டிற்கு வந்த நிலவியல் நண்பர் ஒருவர் அதைக் கையிலெடுத்து, நீரைத் தொட்டுத் தடவி, நெடுநேரம் உற்றுப் பார்த்தார். நல்ல துண்டு என்றார். பிறகு, “எங்கே எடுத்தீர்கள் ஐயா?” என்று கேட்டார்.

ஓடை என்றேன். எந்த ஓடை என்றார். உடன்வந்த நண்பர்களில் ஒருவர் இன்றில்லை. மற்றவரைக் கேட்டேன், கல் எடுத்ததே அவருக்கு நினைவில்லை. பின்னர் ஒருமுறை அவ்வழியே சென்று மூன்று ஓடைகளில் இறங்கிப் பார்த்தேன். எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன.

கல் இன்னும் மேசைமேல்தான் இருக்கின்றது. அதன் அடியில் ஒரு சிறு தாளை ஒட்டி வைத்திருக்கிறேன். ‘பெரம்பலூர் மாவட்டம், ஓர் ஓடை’ என்று மட்டும் அதில் எழுதியிருக்கிறேன்.